செயற்கை வால்வும் கிளினிக் கொப்பியும்

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்திய ஒருவர் உங்கள் லயத்திலோ பக்கத்து டிவிசனிலோ இருக்கக்கூடும். இரவில் லயம் அடங்கிய பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சட்டைக்குள் கைக்கடிகாரம் ஓடுவது போல "டிக், டிக்" என்று சின்னச் சத்தம் கேட்கும். பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பெரியவர்கள் சிலர், "அவளுக்கு நெஞ்சுல மிசின் வச்சிருக்கு, இனி வேலைக்கு ஆகாது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். அந்தச் சத்தம் வால்வு நன்றாக மூடித் திறக்கிறது என்பதற்கு அடையாளம். அது கேட்கும் வரைக்கும் நல்லதுதான்.

இந்தப் பாடத்தை எழுத எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. நாம் போய்வரும் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுக்கும் தாய் ஒருவர். பெயரை எழுதவில்லை, குடும்பம் விரும்பவில்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சலால் வால்வு கெட்டு, இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு மலை ஏற முடியாமல் மூச்சு வாங்கி, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது. ஆறு மாதத்தில் மலைக்குத் திரும்பிவிட்டார். இரண்டு வருஷம் மாதம் தவறாமல் கிளினிக் போனார். அதன் பிறகு ஒரு மாதம் கிளினிக் நாளும் மகளின் பாடசாலைக் கூட்டமும் ஒரே நாளில் விழுந்தது. அடுத்த மாதம் கொழுந்து நிறைய, பேர் போய்விடும் என்று போகவில்லை. குளிசையும் முடிந்தது. உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. "நல்லாத்தானே இருக்கேன், அடுத்த கிளினிக்ல வாங்கிக்கலாம்" என்று இருந்துவிட்டார். ஒரு நாள் காலையில் அடுப்புப் பக்கம் விழுந்தார். வால்வில் இரத்தம் கட்டி, அதிலிருந்து ஒரு துண்டு மூளைக்குப் போய்விட்டது. உயிர் தப்பியது. ஆனால் வலது கை வரவில்லை. ஒரு நாளைக்கு இருபது கிலோ எடுத்த கை.

அந்த இரண்டு மாதமும் அவர் ஏன் கிளினிக் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களில் நாங்களும் இருக்கிறோம். அதனால் இது நோயாளிக்கு மட்டும் சொல்லும் பாடம் அல்ல. கூட இருக்கிற கணவன், பிள்ளைகள், கங்காணிமார், பிள்ளைக் காம்பரா பொறுப்பாளர் எல்லாரும் படிக்க வேண்டும்.

வால்வு என்றால் என்ன?

இதயம் நம் கைப்பிடி அளவுள்ள சதைப் பம்பு. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை அடிக்கிறது. அதற்குள் நான்கு கதவுகள் இருக்கின்றன. அவைதான் வால்வுகள். தோட்டத்துத் தண்ணீர்ப் பைப்பில், மேலே ஏற்றிய தண்ணீர் கீழே திரும்பாமல் இருக்க ஒருவழி வால்வு பூட்டியிருப்பார்களே, அதே வேலைதான். இரத்தம் முன்னால் போகலாம், பின்னால் வரக்கூடாது. கதவு சரியாகத் திறக்காவிட்டால் இரத்தம் தேங்கும். சரியாக மூடாவிட்டால் திரும்ப ஒழுகும். எப்படியானாலும் இதயம் இரட்டிப்பு வேலை செய்து களைத்துப் போகும். மேடு ஏறும்போது மூச்சு வாங்குவது, இரவில் படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்காருவது, கால் வீங்குவது எல்லாம் அதனால் வருபவை. "ரத்தம் குறைவு, அதான் இளைக்குது" என்று இரும்புச்சத்துக் குளிசையோடு வருஷக்கணக்கில் காலம் கடத்துகிறவர்களும் உண்டு.

வால்வு ஏன் கெடுகிறது? வயதானவர்களுக்கு வால்வில் சுண்ணாம்பு படிந்து கெடும். சிலருக்குப் பிறவியிலேயே குறை இருக்கும். ஆனால் இளம் வயதில் வால்வு கெடுவதற்கு நம்மைப் போன்ற நாடுகளில் முக்கியமான காரணம் வாதக் காய்ச்சல். இது பெரும்பாலும் 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் வரும். முதலில் சாதாரணத் தொண்டை நோவும் காய்ச்சலும். அது ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கும், அது குறைந்து கணுக்கால் வீங்கும், பிறகு முழங்கை. மூட்டு வலி தடயமில்லாமல் போய்விடும். இதய வால்வில் பட்ட காயம் போகாது. அது பத்து, இருபது வருஷம் கழித்து, கல்யாணமாகிப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதுதான் பல பெண்களுக்குத் தெரிய வருகிறது.

ஒரே காம்பராவில் ஆறேழு பேர் நெருக்கமாகப் படுக்கும் இடத்தில் இந்தத் தொண்டைக் கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுலபமாகப் பரவும். அதனால் பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை நோவு வந்தால் கொத்தமல்லித் தண்ணியோடு நிறுத்தாமல் டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வாதக் காய்ச்சல் ஒரு தடவை வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போடச் சொல்லுவார்கள். அது வருஷக்கணக்கில் போகும். பிள்ளை அழுகிறது என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். அந்த ஊசியைவிட நெஞ்சைப் பிளந்து செய்கிற ஒபரேஷன் பெரிது.

இரண்டு வகை வால்வு

கெட்டுப்போன வால்வைச் சில வேளை பலூன் வைத்து விரிக்கலாம், சில வேளை தைத்துச் சீராக்கலாம். முடியாதபோதுதான் மாற்றுவார்கள்.

மாற்றும் வால்வில் இரண்டு வகை. ஒன்று விலங்கின் திசுவில் செய்தது. பன்றியின் வால்வையோ மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள சவ்வையோ பதப்படுத்திச் செய்வார்கள். (இதில் மத சம்பந்தமான தயக்கம் இருந்தால் ஒபரேஷனுக்கு முன்னமே டொக்டரிடம் சொல்லுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள்.) இந்த வகைக்கு இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசை பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தேவைப்படாது. ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துபோகலாம். இளம் வயதுக்காரருக்கு இன்னும் சீக்கிரமே தேயும். அப்போது இரண்டாவது ஒபரேஷன். மற்றது கடினமான கார்பனில் செய்த இயந்திர வால்வு. இதுதான் "டிக், டிக்" என்று சத்தம் போடுவது. ஒரு ஆயுளுக்குத் தேயாது. ஆனால் அதில் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு நாளும், உயிரோடு இருக்கும் வரைக்கும், குளிசை போட வேண்டும். இளம் வயதினருக்குப் பெரும்பாலும் இந்த வகையைத்தான் வைக்கிறார்கள். ஆகையால் இந்தப் பாடத்தில் பெரும்பகுதி அவர்களுக்கு.

இந்த வால்வின் கதை பழையது. 1960இல் அமெரிக்காவில் ஸ்டார் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும், ஓய்வு பெற்ற எட்வர்ட்ஸ் என்ற பொறியியலாளரும் சேர்ந்து, கூண்டுக்குள் உருண்டை வைத்த வால்வு ஒன்றைச் செய்து இதயத்தில் பொருத்தி வெற்றி கண்டார்கள். இந்தியாவில் திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிறுவனம் சொந்தமாகச் செய்த வால்வை 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தியது. அறுபது வருஷத்துக்கு மேல் பழகிய வைத்தியம் இது. புதுசாகப் பரிசோதித்துப் பார்க்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் நாட்டில் கொழும்பு, கண்டி, காலி கராப்பிட்டிய ஆகிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதய ஒபரேஷன் செய்கிறார்கள்.

வார்பரின் குளிசை

இந்தக் குளிசையின் பெயர் வார்பரின். இதைப் பற்றி ஒரு ஐயா எங்களிடம் கேட்டார்: "இது எலி மருந்தாமே, எங்க மருமகளுக்கு எலி மருந்தா குடுக்கிறாங்க?" கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. 1920களில் வட அமெரிக்காவில் பூசணம் பிடித்த ஒருவகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் லிங்க் என்ற விஞ்ஞானி அந்தப் புல்லில் இருந்த பொருளைக் கண்டுபிடித்தார். அந்த வழியில் வந்த வார்பரினை 1948இல் எலி கொல்ல விற்றார்கள். 1954இல் அதே பொருளை அளவோடு மனிதருக்கு மருந்தாகக் கொடுக்க அனுமதி கிடைத்தது. மறு வருஷம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதைக் கொடுத்தார்கள். எலிக்கும் ஜனாதிபதிக்கும் கொடுத்தது ஒன்றுதான், அளவுதான் வேறு. ஐயாவுக்கு இந்தப் பதில் பிடித்துப்போனது.

அளவுதான் இங்கே எல்லாம். குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டும். கூடினால் உடம்புக்குள் இரத்தம் கசியும். ஒருவருக்குத் தேவையான அளவு மற்றவருக்குப் பொருந்தாது. உங்களுக்கே போன மாத அளவு இந்த மாதம் பொருந்தாமல் போகலாம். அதைப் பார்க்கத்தான் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை. குளிசை போடாத ஆளுக்கு அது 1க்குக் கிட்ட இருக்கும். இயந்திர வால்வு உள்ளவருக்கு, வால்வு இருக்கும் இடத்தையும் வகையையும் பார்த்து, பொதுவாக 2க்கும் 3க்கும் இடையிலோ 2.5க்கும் 3.5க்கும் இடையிலோ இருக்கும்படி டொக்டர் பார்த்துக்கொள்வார். உங்களுக்கு எந்த எண் என்பதை டொக்டரிடம் கேட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதைத் தெரிந்துகொண்டவர், ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தன் நிலைமையைத் தானே அறியலாம்.

குளிசையை ஒரே நேரத்தில் போட வேண்டும். மாலையில், இராச் சாப்பாட்டு வேளையில் போடுவது நல்லது. கிளினிக்கில் பகலில் அளவை மாற்றிச் சொன்னால் அன்றைக்கே புது அளவைத் தொடங்கலாம். மறந்துபோனால், அன்றைக்குள் ஞாபகம் வந்தால் போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டு நாள் அளவை ஒன்றாகப் போடவே கூடாது. விட்ட நாளைக் கொப்பியில் குறித்து வையுங்கள். கிளினிக்கில் ஏசுவார்கள் என்று மறைத்தால், குளிசை போட்டும் அளவு போதவில்லை என்று நினைத்து டொக்டர் கூட்டிக் கொடுப்பார். அது பெரிய ஆபத்தில் முடியும்.

நிறத்தைப் பார்த்துக் குளிசை போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. "நீலம் ஒண்ணு, மஞ்சள் பாதி" என்று வைத்துக்கொள்வோம். வார்பரினில் இது கூடாது. 1 மில்லிகிராம், 3 மில்லிகிராம், 5 மில்லிகிராம் என்று குளிசைகள் உண்டு. நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறலாம். பக்கெட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். சில பேருக்கு ஒரு நாள் ஓரளவும் மறுநாள் வேறு அளவும் தருவார்கள். துண்டு சிங்களத்திலோ இங்கிலீஷிலோ இருக்கும், வீட்டுக்கு வந்ததும் குழப்பம் வரும். மருந்து கொடுக்கும் யன்னலை விட்டு வருவதற்கு முன் "இன்றைக்கு எத்தனை, நாளைக்கு எத்தனை" என்று கேட்டு இலக்கத்தில் எழுதி வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஒரு வீட்டில், சாமிப் படம் போட்ட சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு திகதிக்கும் கீழே அன்றைய மில்லிகிராமைப் பாடசாலைக்குப் போகும் மகள் எழுதி வைத்திருக்கிறாள். அம்மா குளிசை போட்டதும் மகள் அதன் மேல் ஒரு கோடு போடுவாள். இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது.

இரத்தம் உறையாமல் இருக்க இப்போது புதுவகைக் குளிசைகளும் வந்திருக்கின்றன. அதற்கு இரத்தப் பரிசோதனை தேவையில்லை என்று கேள்விப்பட்டு, "அதையே வாங்கிப் போடலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். இயந்திர வால்வுக்கு அது உதவாது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படியான ஒரு குளிசையைப் போட்டவர்களுக்கு வார்பரின் போட்டவர்களைவிட இரத்தக் கட்டியும் இரத்தக் கசிவும் கூடுதலாக வந்ததால் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள்.

சாப்பாடு, மற்ற மருந்துகள்

கீரையை விட்டுவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. பச்சைக் கீரைகளில் உள்ள கே விற்றமின் வார்பரினுக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் கீரை உடம்புக்குத் தேவை. கேட்பதெல்லாம் ஒன்றுதான்: ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். வாரத்தில் மூன்று நாள் வல்லாரைச் சம்பலோ முருங்கைக் கீரையோ சாப்பிடுகிறவர் அப்படியே சாப்பிடட்டும். டொக்டர் அதற்குத் தக்கபடி குளிசையைச் சரிப்படுத்துவார். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்து, அடுத்த வாரம் மரக்கறித் தோட்டத்தில் விளைந்தது என்று தினமும் இரண்டு வேளை சாப்பிட்டால்தான் கணக்குக் குழம்பும். தேத்தண்ணி குடிக்கலாமா என்ற கேள்வி நம் ஆட்களிடம் வராமல் இருக்காது. குடிக்கலாம். தேயிலையில் அந்த விற்றமின் இருந்தாலும் சாயத்தில் இறங்குவது மிகக் கொஞ்சம்தான்.

சாராயம், கசிப்பு வேண்டாம். அதனால் ஐ.என்.ஆர். தாறுமாறாகும். குடித்துவிட்டு வழுக்கும் படியில் விழுந்தால் தலைக்குள் இரத்தம் கசியும்.

மற்ற மருந்து விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். உடம்பு வலி, பல் வலி, மாதவிடாய் வலி என்று கடையில் வாங்கிப் போடும் வலிக் குளிசைகளில் புருபன், டைக்ளோபினாக் இரண்டும் வார்பரினோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசிய வைக்கும். அஸ்பிரினும் அப்படியே, டொக்டர் வேண்டுமென்றே எழுதித் தந்தால் ஒழிய போடக்கூடாது. சாதாரண வலிக்கும் காய்ச்சலுக்கும் சொன்ன அளவில் பரசிற்றமோல் போதும். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், பூசணத்துக்குக் கொடுக்கும் புளுகொனசோல் போன்றவை வார்பரினின் வேகத்தைக் கூட்டும். சயரோகத்துக்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் அதைக் குறைத்துவிடும். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்த டொக்டரிடம், எந்த டிஸ்பென்சரியில், எந்த மருந்துக் கடையில் நின்றாலும் முதல் வார்த்தையாக "எனக்கு நெஞ்சுல வால்வு மாத்தியிருக்கு, வார்பரின் போடுறேன்" என்று சொல்லுங்கள். நாட்டு மருந்து, கசாயம், லேகியத்துக்கும் இதுதான்.

சதைக்குள் போடும் ஊசியிலும் உள்ளே இரத்தம் கட்டி வீங்கக்கூடும். ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஏற்கனவே பெனிசிலின் ஊசி போட்டு வந்தவர்கள், ஒபரேஷனுக்குப் பிறகு அதைத் தொடர்வதா, குளிசையாக மாற்றுவதா என்று கிளினிக்கிலேயே கேளுங்கள். தாமாக நிறுத்தக்கூடாது.

பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு?

பல சகோதரர்கள் இதை நம்புவதில்லை. வாயில் உள்ள கிருமி, சொத்தைப் பல் வழியாகவும் பழுத்த முரசு வழியாகவும் இரத்தத்தில் கலந்து, செயற்கை வால்வில் போய்க் குடியேறும். உயிரைக் கொல்லும் நோய் அது. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்களின் முரசு பெரும்பாலும் கெட்டிருக்கும். காலையிலும் இரவு படுக்கும் முன்னும் பற்பசை போட்டுத் துலக்குங்கள். சொத்தையை வளர விடாதீர்கள். பல் பிடுங்கும் முன் பல் டொக்டரிடம் வால்வு பற்றிச் சொன்னால், ஒரு மணி நேரத்துக்கு முன்பு விழுங்க மருந்து தருவார். வார்பரினைத் தாமாக நிறுத்திவிட்டுப் பல் பிடுங்கப் போகாதீர்கள். என்ன செய்வது என்பதைக் கிளினிக் டொக்டர் சொல்லட்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம் காய்ச்சல். வால்வு உள்ளவருக்கு இரண்டு மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை, குளிர் நடுங்குகிறது, இரவில் வியர்க்கிறது என்றால் டிஸ்பென்சரியில் கிருமி மருந்து வாங்கிப் போட்டுப் பார்ப்பது கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிருமி மருந்து போடும் முன்னே இரத்தம் எடுத்து வளர்த்துப் பார்த்தால்தான் எந்தக் கிருமி என்று தெரியும். இரண்டு குளிசை போட்டுவிட்டால் கிருமி ஒளிந்துகொள்ளும், நோய் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். தோட்ட வைத்திய உதவியாளர்களும் இதை மனதில் வைத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

மலை வேலை

ஒபரேஷனில் நெஞ்செலும்பை அறுத்துத் திரும்பக் கட்டுகிறார்கள். அது சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, கைப்பிள்ளை எதையும் தூக்கக்கூடாது. அதன் பிறகும் ஈரக் கொழுந்து நிறைந்த சாக்கைத் தலையில் தொங்கவிட்டு மேடு ஏறலாமா என்பதை எக்கோ ஸ்கேன் பார்த்த டொக்டர்தான் சொல்ல வேண்டும். இலகு வேலைக்குத் துண்டு தருவார். அதைத் துரையிடம் காட்டிக் கேளுங்கள். பிரட்டுக்களத்தில் ஒருவரின் துண்டைப் பார்த்து, "ஆளைப் பாத்தா கல்லு மாதிரி இருக்கே" என்று கங்காணி ஒருவர் சிரித்ததை நாங்கள் கேட்டிருக்கிறோம். நெஞ்சுக்குள் இருப்பது வெளியில் தெரியாது.

கவ்வாத்துக் கத்தி வேலையை இவர்கள் தவிர்ப்பது நல்லது என்பது எங்கள் எண்ணம். வெட்டுப் பட்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடையிடையே துணியை எடுத்துப் பார்க்கக்கூடாது. அட்டைக் கடியும் இவர்களுக்குச் சின்ன விஷயமல்ல. அட்டை கடிக்கும்போதே இரத்தம் உறையாத பொருளை உள்ளே விடுகிறது. வார்பரினும் சேர்ந்தால் மணிக்கணக்கில் ஒழுகும். மழைக் காலத்தில் காலுக்குச் சவர்க்காரம் பூசுவதும் நீளக் காலுறை போடுவதும் உதவும். கடிவாயையும் அப்படியே அழுத்திப் பிடியுங்கள்.

தாய்மாருக்குத் தனியாக

இதய நோய், நம் நாட்டில் பிரசவத்தோடு சம்பந்தப்பட்ட தாய் மரணங்களுக்கு முன்னணிக் காரணங்களில் ஒன்று. வால்வு மாற்றிய பெண் பிள்ளை பெறவே முடியாது என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கர்ப்பமாகக்கூடாது. வார்பரின், முக்கியமாகக் கர்ப்பத்தின் 6ஆவது வாரத்துக்கும் 12ஆவது வாரத்துக்கும் இடையில், பிள்ளையின் மூக்கு, எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கலாம். பயந்து குளிசையை நிறுத்தினால் தாயின் வால்வு அடைபடும். இரண்டு பக்கமும் ஆபத்து. டொக்டர்கள் அளவைக் குறைத்தோ, சில காலம் ஹெப்பரின் வகை ஊசிக்கு மாற்றியோ, வாராவாரம் பார்த்து வழிநடத்துவார்கள். அதற்கு அவர்களுக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பமாவதற்கு முன் கிளினிக்கில் பேசுங்கள். எதிர்பாராமல் மாதவிடாய் தள்ளிப்போனால் ஒரு வாரம் கூடக் காத்திருக்காமல் மருத்துவமாதிடம் சொல்லுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டிலும் எல்லா முறையும் பொருந்தாது. சில வகைக் குளிசைகள் இரத்தம் உறைவதைக் கூட்டும். மருத்துவமாது ஆலோசனை இல்லாமல் கடையில் வாங்காதீர்கள். மாதவிடாயில் வழக்கத்தைவிட அதிகமாக இரத்தம் போனால் வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம், அன்றைக்கே ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியிருக்கலாம்.

மாமியார்மாருக்கும் ஒரு வார்த்தை. "பேரப்பிள்ளை எப்ப?" என்று அந்தப் பிள்ளையை நெருக்காதீர்கள்.

கிளினிக் நாள்

விடியற்காலை மூன்றரைக்கு எழும்பி, லாம்பு பிடித்து ரோட்டுக்கு வந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டுக்குக் காத்து, மருந்து எடுத்து இருட்டில் வீடு திரும்புவது என்ன கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு நாள் பேரும் போகிறது, பஸ் காசும் போகிறது. அதைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. ஒபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு வருஷத்தில் சில தடவைதான் போக வேண்டியிருக்கும். மாதாந்த ஐ.என்.ஆர். பரிசோதனையைக் கிட்டத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, நுவரெலியா, பதுளை போன்ற இடத்துக்கு, மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் கேளுங்கள். கேட்காமல் தரமாட்டார்கள். ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று நோயாளிகள் இருந்தால் ஒரே நாளுக்குப் போட்டுத் தரும்படி கேளுங்கள், துணையாகப் போகலாம். கிளினிக் திகதியை முந்திய வாரமே கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். வெளியில் வாங்க வேண்டிய பொருளுக்குக் காசு தேவைப்பட்டால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 1978இல் சட்டம் மூலம் ஏற்படுத்திய நிதியம் அது. கொழும்புக்கு அலையாமல் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். ஆனால் ஒபரேஷனுக்கு முன்பே விண்ணப்பத்தைத் தயார் செய்யவேண்டும்.

குளிசை கையில் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எப்போதும் இருக்கட்டும். 2022இல் எண்ணெய் இல்லாமல் பஸ் ஓடாத நாட்களும் மருந்துத் தட்டுப்பாடும் நினைவிருக்கும். 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயலில் மண் சரிந்து மலையகப் பாதைகள் அடைபட்டதும் மறந்திருக்காது. மண் சரிவு எச்சரிக்கை வந்து லயத்தை விட்டுக் கிளம்பும்போது அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பியையும் குளிசையையும் ஒரே பொலித்தீன் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கொப்பியை நனைய விடாதீர்கள், பல வருஷத்துக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

எப்போது காத்திருக்கக்கூடாது?

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் விளங்காமல் போவது, பேச்சுக் குழறுவது. திடீரென்று மூச்சுத் திணறுவது. வழக்கமான "டிக்" சத்தம் மங்கிப்போவது அல்லது கேட்காமல் போவது. தார் போலக் கறுப்பு மலம், சிவந்த சிறுநீர், நிற்காத மூக்கு இரத்தம். விழுந்து தலையில் அடிபட்டால், வெளியில் காயமே இல்லாவிட்டாலும். இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக்கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தோட்டத்தின் பெயர், டிவிசன், கிட்டிய ரோட்டுச் சந்தி மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். லயம் வரைக்கும் வண்டி வர முடியாத இடமென்றால், ஒருவரை ரோட்டுக்கு அனுப்பி நிறுத்துங்கள். "செயற்கை வால்வு, வார்பரின்" என்ற இரண்டு சொல்லையும் அம்புலன்ஸில் வருபவரிடம் முதலில் சொல்லுங்கள்.

முன்னே சொன்ன அந்தத் தாய் இப்போது இடது கையால் சோறு பிசைந்து சாப்பிடப் பழகியிருக்கிறார். கலண்டரில் கோடு போடுகிற மகள் அவருடைய மகள்தான். கிளினிக்குக்கு முந்திய நாள் மாலை, பிரட்டுக் கலையும்போது, கங்காணி தாமாகவே கேட்கிறார்: "நாளைக்குத் தங்கச்சிக்குக் கிளினிக் இல்லையா?"